‘படலையைத் தாண்டாத பிள்ளை’: பெண்களும் பதகளிப்பும்

“நெஞ்சு படபடவெண்டு அடிக்குது.” “மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு.” “கை கால் விறைக்குது, தலை கிறுகிறுக்குது.” “இப்ப செத்துப்போடுவன் போலை இருக்கு.” எமது வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுது வாங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இந்த வார்த்தைகள் புதியவை அல்ல. இவற்றைச் சொல்லிக்கொண்டு வருபவர்களுள் பெண்களே அதிகம். பிறசர் பார்க்கப்படும். ஈ.சீ.ஜி. எடுக்கப்படும். சிலவேளை இரத்தமும் சோதிக்கப்படும். கடைசியில், “உங்களுக்கு ஒண்டுமில்லை, யோசிக்காமல் இருங்கோ” என்ற பதிலோடும் ஒரு சிறு உறை விற்றமின் குளிசையோடும் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி என்றுதான் வைத்தியர் நினைக்கிறார். இருதயத்தில் நோயில்லை என்பதே அவர் சொல்லவருவது. ஆனால், சற்று முன்னர் சாவின் வாசல்வரை போய்வந்ததாக உணர்ந்த ஒரு பெண்ணின் காதில் அது எப்படி விழும்? ‘நான் நடிக்கிறேன் என்கிறார்கள்’ அல்லது ‘என் வருத்தத்தை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை’. இந்த இரண்டில் ஒன்றாகத்தான். முதலாவது அவமானம். இரண்டாவது முன்னையதைவிடப் பெரிய பயம். அவர் அடுத்த வைத்தியரிடம் போவார். அதற்கடுத்து நூல் கட்டுபவரிடம் போவார். பிறகு எங்கும் போகாமல் விட்டுவிடுவார். இந்தக் கடைசி நிலையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். அதற்கு முன்னர், உடம்பில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வோம்.

உடம்பின் அபாயச் சங்கு

எம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஓர் அபாயச் சங்கு உண்டு. குசினிக்குள் பாம்பைக் கண்டால் நாம் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. நாம் நினைக்குமுன்னரே மூளை சங்கை ஊதிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. கைகால் தசைகளுக்கு இரத்தம் அனுப்ப இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. உடம்பு வியர்க்கிறது. சமிபாடு நிற்பதால் வயிறு பிசைகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடித் தப்பு என்பதற்கான ஆயத்தம் இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ரர் கனன் 1915ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கி எழுதினார்.

பாம்பு இல்லாதபோதும் இந்தச் சங்கு முழுச் சத்தத்தில் ஊதினால் அதுதான் பீதித் தாக்கம். உடம்பு பழுதாகவில்லை. சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்கிறது. ஓட வேண்டிய தேவை இல்லாமல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால்தான் விரல் நுனிகளும் உதட்டோரமும் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது, எல்லாம் கனவுபோலத் தெரிகிறது. மூச்சுப் போதாது என்று உணரும் அந்த வேளையில் உண்மையில் மூச்சு அதிகமாகிவிட்டது. இந்தத் தாக்கம் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின் தானாகவே இறங்கிவிடும். இது உயிரைப் பறிப்பதில்லை, பைத்தியமாக்குவதும் இல்லை.

‘இது பொம்பிளையளின்ரை வருத்தம்’ என்று ஆண்கள் சிலர் சிரிப்பதுண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலுமாக வந்த சிப்பாய்களைப் பரிசோதித்து, அவர்களது இருதயத்தில் நோய் எதையும் காணாத டா கொஸ்ரா என்ற வைத்தியர், அந்த நிலையைப் பற்றி 1871இல் விரிவாக எழுதினார். இன்று வாசித்தால் அவர் விபரிக்கும் அறிகுறிகளுட் பல எமது வாங்கில் இருக்கும் அக்காமார் சொல்பவையே. அவர் கண்டவர்களோ துவக்குத் தூக்கிய ஆண்கள்.

பதகளிப்பு என்பது பீதியைவிட அகன்ற சொல். பீதி புயல்போல வந்து போகும். பதகளிப்பு விடாமல் பெய்யும் தூறல். எமது பேச்சுவழக்கில் அதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல சொல் உண்டு: யோசனை. “சரியான யோசனையாக் கிடக்கு” என்று ஒரு பெண் சொல்லும்போது அவர் கணக்குப் பார்ப்பதைச் சொல்லவில்லை. கடலுக்குப் போன மனுசன், ரியூசனுக்குப் போன பிள்ளை, வெள்ளிக்கிழமை வரப்போகும் நுண்கடன்காரர் என்று மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைச் சொல்கிறார். இத்தகைய கட்டுக்கடங்காத யோசனை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, நித்திரையின்மை, உடம்பு உளைவு, எரிச்சல், களைப்பு என்பனவும் சேர்ந்து அன்றாட வேலைகளைக் குழப்பினால் வைத்தியர்கள் அதைப் பதகளிப்பு நோய் என்பார்கள். யோசனை எல்லாம் நோயல்ல. கடன்காரர் வருவது உண்மையானால் அந்த யோசனையும் நியாயமானதே.

பயம் எம்மைக் காத்த காலம்

வடக்குக் கிழக்கில் பயத்தைப் பற்றி எழுதுபவர் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. பல்லாண்டு காலம் எமது பயங்களுக்குக் காரணம் இருந்தது. ஹெலியின் சத்தம் கேட்டவுடன் பதுங்கு குழிக்குள் பாய்ந்தவர்கள் தப்பினார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியதைக் கண்டவுடன் ஓடியவர்கள் பலர் தப்பினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட ‘மனவடு’ என்ற நூல், நெருக்கீடுகள் எமது மக்களின் மனங்களில் விட்ட தழும்புகளைத் தமிழில் விளக்கிய முக்கியமான நூல். சுமத்ராவுக்கு அப்பால் 2012 ஏப்ரல் 11இல் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது எமது கரையோர மக்கள் கையிலகப்பட்ட பிள்ளைகளோடு ஓடினார்கள். அலை வரவில்லை. அதற்காக ஓடியதைப் பிழையென்று யார் சொல்வார்?

இவ்வாறு பழகிய சங்கு, ஆபத்துப் போனபின்னும் சற்று மெல்லிய சத்தத்துக்கே ஊதிவிடக்கூடும். இதைக் கோழைத்தனம் என்று சொல்வது அறியாமை. அதேவேளை, எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுவிடுவதும் சரியல்ல. குண்டுச் சத்தமே கேட்டறியாத ஊர்களிலும் நாடுகளிலும் பீதித் தாக்கம் வருகிறது. சிலருக்குக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. தைரொயிட் சுரப்பி அதிகம் வேலை செய்வது, இரத்தச்சோகை, நீரிழிவுக்காரருக்குச் சீனி திடீரென இறங்குவது ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். நாளொன்றுக்கு ஆறேழு கோப்பை சாயத் தேத்தண்ணியும் படபடப்பைக் கூட்டும். ஆகவே, முறையான ஒரு பரிசோதனை கட்டாயம் தேவை. முதன்முதலாக நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலும் வருபவர் ‘இது வெறும் பயம்தான்’ என்று தாமே முடிவெடுக்கக்கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு நோவைவிடக் களைப்பு, ஓங்காளம், முதுகு அல்லது தாடை நோவு மேலோங்கி நிற்பதும் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால், நன்றாகச் சோதித்து இருதயம் சுகம் என்று தெரிந்த பின்னரும் மாதத்துக்கு மூன்று ஈ.சீ.ஜி. எடுப்பது பயத்தைத் தீர்க்காது, வளர்க்கும்.

பயத்துக்குப் பயம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றில் வாழும் ஒரு தாயின் கதையை, அவரது சம்மதத்துடனும் அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றியும் இங்கே சொல்கிறேன். அப்போது அவருக்கு வயது 34. கணவர் கடற்றொழிலாளி. இரண்டு பிள்ளைகள். சுனாமியில் தாயை இழந்தவர். 2009இல் எல்லோரையும்போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர். இவ்வளவையும் தாங்கிய காலத்தில் அவருக்குப் பீதித் தாக்கம் எதுவும் வரவில்லை. அது வந்தது 2019 நவம்பரில், ஒரு சாதாரண நாளில், அடகு வைத்த சங்கிலியை மீட்கப் பட்டினத்துக்குப் போன பஸ்ஸில். நெரிசல், வெக்கை. நெஞ்சு அடித்தது, கண் இருண்டது. இடைவழியில் இறங்கி ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டு கிழமை கழித்து அதே பஸ்ஸில் மறுபடியும். அதன்பின் பஸ் ஏறுவதை விட்டார். பிறகு சந்தைக்குப் போவதை விட்டார். வருடந்தவறாமல் போய்வந்த வற்றாப்பளைப் பொங்கலை விட்டார். அவர் பயந்தது பஸ்ஸுக்கு அல்ல. சனத்துக்கும் அல்ல. ‘அங்கே வைத்து எனக்கு அது வந்துவிட்டால்?’ என்பதே அவருடைய பயம். பயத்துக்குப் பயம். 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இந்தச் சுழற்சியைத் தெளிவாக விளக்கினார். நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. ‘இது மாரடைப்பு’ என்று மனம் வாசிக்கிறது. அந்த வாசிப்பே பயத்தைக் கூட்ட, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. ‘பார்த்தாயா, நான் சொன்னது சரி’ என்கிறது மனம். அந்த இடத்தை விட்டு ஓடியதும் ஆறுதல் வருகிறது. ஓடியதால்தான் தப்பினேன் என்ற பாடமும் மனதில் பதிகிறது. அடுத்தமுறை ஓடுவதற்கு முன்னரே போகாமல் இருந்துவிடுகிறார். இவ்வாறு உலகம் நாளுக்கு நாள் சிறுத்து வருவதை வைத்தியர்கள் அகோராபோபியா என்பார்கள். வெளியிட அச்சம் என்று சொல்லலாம்.

2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தது. நாடே வீட்டுக்குள் இருந்தபோது இவர் வீட்டுக்குள் இருந்ததை யார் கவனிப்பார்? 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. பஸ்ஸே இல்லை. அதுவும் ஒரு காரணமாயிற்று. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவுக்காக வங்கிக் கணக்குத் திறக்க நேரில் போகவேண்டி வந்தபோதுதான் விடயம் வெளியே தெரிந்தது. மூன்று முறை சொல்லியும் அவர் வரவில்லை என்று அலுவலர் ஒருவர் சலித்துக்கொண்டார். காரணம் அறிய நான் வீட்டுக்குப் போனேன். அன்று பாடசாலை நாள். 11 வயது மகள் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தகப்பன் கடலுக்குப் போகும் நாட்களில் அம்மாவுக்குத் துணையாக அவள் மறிக்கப்படுகிறாள் என்பது பிறகு தெரியவந்தது.

மாமியார் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். “என்ரை மருமகள் தங்கமான பெட்டை, பிள்ளை. மற்றதுகளைப் போலை ஊர் சுத்துறேல்லை. நாலு வருசமாப் படலையைத் தாண்டினதில்லை” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சமூகவியல் படித்த காலத்தில் எத்தனையோ கோட்பாடுகளை மனனம் செய்தோம். அந்த ஒரு வசனம் அவற்றைவிட அதிகம் சொன்னது. ஓர் ஆண் ஒரு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வீடு கேள்வி கேட்கும், ஊர் கேள்வி கேட்கும், சம்மாட்டி ஆளனுப்புவார். ஒரு பெண் நான்கு வருடம் வெளியே வராவிட்டால் அதற்கு அடக்கம் என்று பெயர். நோயின் அறிகுறியே நற்குணமாகப் பாராட்டப்படும் இடத்தில் நோயை யார் கண்டுபிடிப்பது? இந்த அச்சத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்த வெஸ்ற்பால் என்ற ஜேர்மன் வைத்தியர் 1871 அளவில் எழுதியது மூன்று நோயாளர்களைப் பற்றி. மூவரும் ஆண்கள். நகரின் திறந்த சதுக்கத்தைக் கடக்க முடியாமல் நின்றவர்கள். பதகளிப்பு நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்காக வருகின்றன என்பது பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்டது. சதுக்கத்தைக் கடக்காத ஆண் உடனே கண்ணில் படுகிறான். சதுக்கத்துக்கே வராத பெண் கண்ணில் படுவதில்லை.

சிகிச்சை எப்படி நடக்கும்?

இந்தத் தாய் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகச் சம்மதிக்க ஆறு கிழமை எடுத்தது. ‘விசர் கிளினிக்’ என்று ஊர் சொல்லும், நாளைக்கு மகளுக்குக் கலியாணம் பேசும்போது யாராவது கிளறுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஊர் அப்படித்தான் பேசும். “மகள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிறதையும் ஊர் ஒருநாள் பேசும், அக்கா” என்று மட்டும் சொன்னேன். அவருடைய கணவர்தான் கடைசியில் தோழரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி அவரை ஏற்றிச்சென்றார்.

வைத்தியர் தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் சோதித்துவிட்டு, செற்றலின் என்ற குளிசையைக் குறைந்த அளவில் தொடங்கினார். புளூஒக்செற்றின், செற்றலின் போன்றவை மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கொடுக்கப்படுபவை. அரச வைத்தியசாலைகளில் இலவசம். இவற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய விடயம், போட்டவுடன் வேலை செய்யமாட்டா என்பது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு கிழமைகள், சிலருக்கு அதைவிடக் கூடவும் செல்லும். முதற்கிழமையில் படபடப்பும் ஓங்காளமும் சற்றுக் கூடவும் கூடும். இதைச் சொல்லாமல் குளிசையைக் கொடுத்தால் நோயாளி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். இவரும் நிறுத்தத்தான் பார்த்தார். சுகம் கண்டபின்னும் பல மாதங்கள் தொடர்ந்து எடுத்து, வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலியம் வகைக் குளிசைகள் வேறு. அரை மணித்தியாலத்தில் அமைதி வரும். அதுதான் அவற்றின் ஆபத்தும். சில கிழமைகள் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும், அளவு கூடும், திடீரென நிறுத்தினால் பயம் முன்னையதைவிட மோசமாகத் திரும்பும். வைத்தியர் குறுகிய காலத்துக்கு எழுதினால் எடுக்கலாம். பக்கத்து வீட்டு ஆச்சியின் உறையிலிருந்து ‘நித்திரைக் குளிசை’ ஒன்றை இரவல் வாங்கும் வழக்கத்தை, சகோதரிகளே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும் புறொப்பிரனலோல் குளிசையும் இரவலுக்கு உரியதல்ல. இழுப்பு உள்ளவருக்கு அது மூச்சையே அடைத்துவிடலாம்.

மருந்தோடு நின்றிருந்தால் அவர் அமைதியாக வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பார். அவரை வெளியே கொண்டுவந்தது மற்றைய சிகிச்சை. பயந்த இடத்துக்குச் சிறுசிறு படிகளாகத் திரும்பிப் போவது. உளநலப் பிரிவின் வைத்திய அதிகாரியும் அவரும் சேர்ந்து மகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒன்பது படிகளை எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பயத்தின் அளவு, பத்துக்கு எத்தனை என்று. முதலாவது, படலைக்கு வெளியே தனியே கால்மணி நேரம் நிற்பது. அடுத்து, ஒழுங்கை முனையில் உள்ள கடையில் சீனி வாங்குவது. பிறகு பஸ் தரிப்பிடம்வரை போய், பஸ் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவது. பிறகு என்னோடு ஒரு தரிப்பிடம். பிறகு நான் பின் இருக்கையில், அவர் முன் இருக்கையில். பிறகு தனியே.

இதன் விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக்கூடாது. அது இறங்கும்வரை நிற்க வேண்டும். தரிப்பிடத்தில் முதல்நாள் எட்டுக்கு ஏறியது, 25 நிமிடத்தில் மூன்றுக்கு இறங்கியது. “ஓடாமலே இறங்குது, மிஸ்” என்று அவர் ஆச்சரியப்பட்டார். அந்த அனுபவத்தை யாரும் வார்த்தையால் கொடுக்க முடியாது. பயம் தானாகவே இறங்கும் என்பதை உடம்பு நேரே கண்டு பழக வேண்டும். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். கிழமைக்கு ஒருமுறை செய்வதில் பலன் குறைவு. கடைப் படியில் மட்டும் மூன்று கிழமை நின்றார். நான்கு நாள் மழை பெய்ய, முதற்படிக்கே திரும்பவும் வேண்டியதாயிற்று. கிளினிக்கில் வைத்து அவரை நின்ற இடத்திலேயே ஓடச்செய்து, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைத்தார்கள். படபடப்பு வந்தால் சாவு வராது என்பதை அறிவதற்காக. பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு இது பெரிய கொடுமையாகத் தெரிந்தது.

மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுவது. ஆழ மூச்செடு என்று பலரும் சொல்வார்கள். பீதியின்போது தேவை ஆழமல்ல, நிதானம். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறையை இப்போது சிபாரிசு செய்வதில்லை. தசைகளை இறுக்கித் தளர்த்துதல், சவாசனம், ஜெபம், செபமாலை, திக்ர் என்பனவும் மனதை அமைதிப்படுத்த உதவும். அவரவர் பழகியதே அவரவர்க்கு நல்லது. தயா சோமசுந்தரம் போன்றோரும் எமது மரபிலுள்ள இத்தகைய முறைகளைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நுணுக்கம்: எதுவுமே ‘இது இல்லாவிட்டால் போகமாட்டேன்’ என்ற ஊன்றுகோலாகக் கூடாது. இந்தத் தாயின் கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல், பனடோல், விபூதிச் சரை. ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுப் போகப் பழகினார். விபூதிச் சரை கடைசியில் போனது. பயம் போனபின் அது திரும்பி வந்தது, பக்திக்காக.

நூல் கட்டுவதையும் பார்வை பார்ப்பதையும் பற்றி வாசகியர் கேட்பீர்கள். ஒருவர் கரிசனையோடு தலையில் கைவைத்து, ‘உனக்குச் சுகம் வரும்’ என்று சொல்வதில் ஆறுதல் உண்டு. அதை நான் பழிக்கமாட்டேன். குளிசையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்துப் பேயோட்ட முற்பட்டாலோ, சங்கிலியைக் கழற்றும் அளவுக்குச் செலவு கேட்டாலோ எழுந்து வந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரவில் குடித்துவிட்டு வரும் கணவனின் காலடிச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு வருவது சிகிச்சையல்ல. அங்கே சங்கு சரியாகத்தான் ஊதுகிறது. அவருக்குத் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கமும் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இதற்காகவே இருக்கிறார்கள்.

வீட்டார் செய்யக்கூடியது

தாக்கம் வரும்போது சுற்றிநின்று விசிறுவதும், தண்ணீர் தெளிப்பதும், எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பதும் பயத்தைக் கூட்டும். “பயப்பிடாதை” என்பது பயனற்ற சொல். பயப்படாமல் இருக்க முடிந்தால் அவர் இருந்திருப்பார். ஒருவர் மட்டும் அருகில் இருந்து, “இது உமக்கு முந்தியும் வந்தது, இறங்கினது. இப்பவும் இறங்கும். நான் இருக்கிறன்” என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். பரிசோதனைகள் முடிந்தவர் என்றால் ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. ஆனால் வழமைக்கு மாறான நோவோ மயக்கமோ வந்தால் தாமதிக்கக்கூடாது.

அன்பினால் செய்யும் ஒரு காரியம்தான் பெரிய இடைஞ்சல். அவருக்காகக் கடைக்குப் போவது, அவருக்காக வங்கிக்குப் போவது, எங்கும் துணைக்கு ஆள் வைப்பது. துணையை வெட்டென்று நிறுத்துவது கொடுமை. படிப்படியாக விலக்குவதே உதவி. எமது இந்த வீட்டில் முதலில் விலக்கப்பட்டது மகள். அவள் பாடசாலைக்குப் போக, மாமியார் அந்த இடத்தில் இருந்தார். பிறகு மாமியாரும் பக்கத்து வளவுக்குப் போய்ப் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார். மருமகளை ‘படலையைத் தாண்டாத பிள்ளை’ என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. தானாகவே நிறுத்தினார்.

ஐந்து மாதங்களின் பின் அந்தத் தாய் வங்கிக்குப் போனார். ரோக்கன் எடுத்து வரிசையில் இருந்தபோது தாக்கம் வந்தது. கதவுக்கு அருகில் இருந்த கதிரைக்கு மாறினார், ஆனால் கதவால் வெளியே போகவில்லை. அவருடைய இலக்கம் கூப்பிட்டபோது போய்க் கையெழுத்து வைத்தார். கையெழுத்துக் கோணலாக விழுந்ததால் இன்னொருமுறை வைக்கச் சொன்னார்களாம். வவுனியாவுக்குப் போகும் நெடுந்தூர பஸ் இன்னும் கொப்பியில் ஒன்பதாம் படியாகவே இருக்கிறது. மகளின் வரவு நாளேட்டில் இந்தத் தவணை இரண்டு நாட்கள் மட்டுமே வெற்றிடம். அவையும் காய்ச்சலுக்கு.

உளநலப் பிரிவுக்குப் போக நினைப்பவர்கள் ஒரு துண்டில் சில விபரங்களை எழுதிக்கொண்டு போங்கள். முதன்முதலாக எப்போது வந்தது, எங்கே, எவ்வளவு நேரம் நீடித்தது, மாதத்துக்கு எத்தனை தடவை, எடுக்கும் குளிசைகள் எவை, முக்கியமாக, அதன் பின்னர் நீங்கள் எந்தெந்த இடங்களுக்குப் போகாமல் விட்டீர்கள். கிளினிக்கில் சனம் அதிகம், வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எழுதியதை நீட்டினால் அந்த நிமிடங்கள் வீணாகா. நேரில் போக முன்னர் யாருடனாவது பேச வேண்டும்போல் இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். தமிழில் பேசலாம்.